வீட்டுத் தொட்டியில் ஆக்டோபஸ்: தீனி, நிறம், இன்ன பிற சந்தேகங்கள்

சான் டியாகோவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினொரு மாதம் ஒரு ஆக்டோபஸ் இருந்தது. பெயர் மாயாண்டி. வீட்டுக்கு வந்தவர்கள், வீடியோ அழைப்பில் எட்டிப் பார்த்த ஊர் சொந்தங்கள், மகளின் தோழிகள், கடல்மீன் வளர்க்கும் நண்பர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதில்களில் பாதி படித்தது, பாதி தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது.

இது நம்ம பேய்க்கணவாய்தானே? இதைப் போய் யாராவது வளர்ப்பாங்களா?

தூத்துக்குடியிலிருந்து சித்தி கேட்டது. ஆமாம் சித்தி, அதே கூட்டம்தான். கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் எல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். நத்தையும் சிப்பியும் இவற்றுக்குத் தூரத்து உறவு. ஓட்டைத் தொலைத்துவிட்டு மூளையை வளர்த்துக்கொண்ட கிளை இது.

வளர்க்க முடியும், ஆனால் மீன் வளர்ப்பதைப் போல எளிதில்லை. குறைந்தது 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வேண்டும். அது இரண்டு மூன்று மாதம் ஓடிப் பழகியிருக்க வேண்டும். மூடி இறுக்கமாகப் பூட்ட வேண்டும். உடம்பில் எலும்பே கிடையாது, கடினமான ஒரே முக்கியமான பாகம் கிளிமூக்கு மாதிரி இருக்கும் அலகுதான். அந்த அலகு நுழையும் சந்து கிடைத்தால் முழு உடம்பும் நுழைந்துவிடும். 2016-இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. எங்கள் தொட்டி மூடியில் நான்கு கொக்கி போட்டிருந்தோம். தொட்டியைவிட மூடிக்குத்தான் அதிகம் யோசித்தேன்.

என்ன வகை? கடிச்சா விஷமா?

கலிஃபோர்னியா இருபுள்ளி ஆக்டோபஸ். கலிஃபோர்னியாக் கரையிலிருந்து மெக்சிகோவின் பாஹா வரை பாறைக் கரைகளில் இருப்பது. ஒவ்வொரு கண்ணுக்குக் கீழேயும் நீல வளையம் போட்ட பொய்க்கண் ஒன்று இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். உடல் ஒரு பெரிய எலுமிச்சையிலிருந்து மாங்காய் அளவுக்கு வளரும். கைகள் அதைவிட நீளம். இந்த இனத்துக் குஞ்சுகள் பொரித்த உடனே தரையில் நடமாடத் தொடங்கும். பல இனங்களின் குஞ்சுகள் வாரக்கணக்கில் மிதந்து திரியும், அவற்றைத் தொட்டியில் காப்பாற்றுவது பெரும்பாடு. வீட்டில் வளர்ப்பவர்கள் இருபுள்ளியை விரும்ப அது ஒரு காரணம்.

எல்லா ஆக்டோபஸுக்கும் எச்சிலில் கொஞ்சம் விஷம் உண்டு. இரை நண்டை அடக்க அது போதும், மனிதனுக்கு வலியும் வீக்கமும் வரும், அவ்வளவுதான். நீலவளைய ஆக்டோபஸ் என்ற வேறு இனம் மட்டும் தனிக் கதை: ஆளைக் கொல்லும் விஷம். அழகாக இருக்கிறது என்று யாராவது விற்றாலும் கிட்டப் போகாதீர்கள்.

கடற்கரைப் பாறைக்குழியில் நாமே ஒண்ணு பிடிச்சிட்டு வந்தா?

வேண்டாம். லா ஹோயா பக்கம் கடல் காப்பகப் பகுதிகளில் ஒரு கூழாங்கல்லை எடுப்பதுகூடக் குற்றம், உயிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்ற இடங்களில் உரிமம் வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தாலும், பிடிபடும் ஆக்டோபஸின் வயது நமக்குத் தெரியாது. இதன் மொத்த ஆயுளே ஒன்று, ஒன்றரை ஆண்டுதான். பிடித்து வந்த மறுமாதமே முதுமை தொடங்கிவிடலாம். தொட்டியில் பிறந்த குஞ்சைத் தேடி வாங்குவதே நல்லது.

என்ன சாப்பிடும்? செத்த இறாலைப் போட்டா போதாதா?

நண்டு, இறால், மட்டி, சிப்பி, நத்தை. இதில் நண்டுதான் திருவிழாச் சாப்பாடு. உறையவைத்த இறாலும் சாப்பிடும், ஆனால் உப்போ பதப்படுத்தும் மருந்தோ சேர்க்காததாக இருக்க வேண்டும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். இறாலை உருக்கி, நீளமான பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து, உயிரோடு இருப்பதைப்போல லேசாக ஆட்டிக் காட்டினால் கை நீட்டி வாங்கிக்கொள்ளும்.

செத்ததை மட்டுமே போட்டால் வயிறு நிறையும், பொழுது போகாது. வாரத்துக்கு இரண்டு முறையாவது உயிருள்ள நண்டு கொடுத்தோம். சில நாள் இறாலை ஒரு ஜாடிக்குள் போட்டு மூடியை லேசாகத் திருகி வைப்போம். முதல் நாள் மாயாண்டி அதைத் திறக்க ஏறத்தாழ அரைமணி நேரம் எடுத்தது. பத்தாவது நாள் நான் இடுக்கியைக் கழுவி வைப்பதற்குள் ஜாடி காலி.

ஒரு நாளைக்கு எத்தனை வேளை?

வளரும் பருவத்தில் தினமும் ஒரு வேளை. முழுசாக வளர்ந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்கூடப் போதும். அளவுக்கு எங்கள் கணக்கு: கண்களுக்கு நடுவே உள்ள தலை அளவு ஒரு துண்டு. மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகி அம்மோனியா ஏறும். அம்மோனியாவை மீன்கூடக் கொஞ்சம் தாங்கும், இது தாங்காது.

நான் பார்க்கும்போதெல்லாம் பொந்துக்குள்ளேயே கிடக்கு. எப்போ வேட்டையாடும்?

முதல் இரண்டு வாரம் அப்படித்தான். அதற்கு நீங்கள்தான் புதிய விலங்கு. இருபுள்ளி பகலிலும் நடமாடக்கூடியது. ஆகவே தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்காருங்கள். கூடத்து விளக்கைக் குறைத்து, தொட்டிக்கு மேல் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் போடுங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள், ஃப்ளாஷ் அடிக்காதீர்கள்.

நாங்கள் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்த வேட்டையைச் சொல்கிறேன். நண்டை எதிர் மூலையில் இறக்கினேன். பொந்து வாசலில் முதலில் கண் மட்டும் மேலே எழும்பியது, நீர்மூழ்கியின் குழாய் மாதிரி. தலை இரண்டு முறை ஏறி இறங்கியது. தூரத்தைக் கணிக்கத்தான் இப்படித் தலையாட்டுகின்றன என்கிறார்கள். அப்புறம் உடம்பு தட்டையாகி, பாறையின் பழுப்பும் பச்சையும் திட்டுத்திட்டாக மேலே வந்தன. முதுகுத்தோல் முள்முள்ளாக நின்றது. அந்தக் கோலத்தில் பாறை ஓரமாக வழுக்கி வந்தது. நண்டு நின்றால் இதுவும் நிற்கும். ஒரு சாண் தூரத்தில் உடம்பு மேல் ஒரு கருநிழல் ஓடியது, அடுத்த நொடி கைகளுக்கு நடுவே உள்ள தோல் குடைபோல் விரிந்து நண்டின் மேல் கவிழ்ந்தது. கவிழும்போது அந்தக் குடை முழுக்க வெளுத்திருந்தது. நண்டு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கூடாரம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மகள் மூச்சு விடவே மறந்துபோய் நின்றாள்.

ஓட்டை அப்படியே விட்டுட்டு உள்ளே இருக்கறதை மட்டும் எப்படிச் சாப்பிடுது?

நண்டைப் பிடித்ததும் விஷ எச்சிலைச் செலுத்துகிறது. அது நண்டை அடக்குவதோடு, சதை ஓட்டிலிருந்து கழன்று வரவும் உதவுகிறது. மட்டி வாயைத் திறக்காவிட்டால் முதலில் இழுத்துப் பார்க்கும். முடியாவிட்டால் அரம் போன்ற நாக்கால் ஓட்டில் ஊசித்துளை போட்டு அதன் வழியே எச்சிலை விடும். காலி ஓடுகளைப் பொந்து வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். அந்தக் குப்பைமேட்டை உடனே சுத்தம் செய்யாமல் ஒருமுறை கிளறிப் பாருங்கள், துளைபோட்ட ஓடு கிடைக்கும். எங்கள் வீட்டில் அது மகளின் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

இன்னொன்று: ஒவ்வொரு உறிஞ்சியும் தொட்டுச் சுவைக்கும். 2020-இல் ஹார்வர்டில் இதே இருபுள்ளி இனத்தை வைத்துச் செய்த ஆய்வில், தண்ணீரில் எளிதில் கரையாத பொருள்களைத் தொட்டதும் உணரும் தனி உணர்விகள் உறிஞ்சிகளில் இருப்பது தெரிந்தது. ஆகவே இடுக்கியில் சோப்பு வாடை இருந்தால் இறால் திரும்பி வரும். எனக்கு வந்திருக்கிறது. உணவுக்குழல் மூளைக்கு நடுவே ஓடுவதால் விழுங்குவது எல்லாம் சிறு துணுக்குகளாகத்தான். நாக்கு வேலை செய்து முடிக்க நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள்.

நிறம் எப்படி அவ்வளவு வேகமா மாறுது? ஓணான் மாதிரியா?

ஓணானையும் பச்சோந்தியையும்விட வேகம். தோலுக்குள் ஆயிரக்கணக்கான நிறமிப் பைகள் இருக்கின்றன: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, கறுப்பு. ஒவ்வொரு பையையும் சுற்றிச் சிறு தசைநார்கள். தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், தளர்ந்தால் சுருங்கிப் புள்ளியாகிவிடும். அந்தத் தசைகளுக்கு நரம்பு நேரே மூளையிலிருந்து வருகிறது. கண் சிமிட்டுவதற்குள் வேலை முடிவதற்கு அதுதான் காரணம்.

பைகளுக்கு அடியில் ஒளியைப் பிரதிபலிக்கும் அணுக்களும், வெள்ளையாகச் சிதறடிக்கும் அணுக்களும் உண்டு. பொய்க்கண்ணின் நீல வளையம் நிறமியால் வந்ததல்ல, பிரதிபலிப்பு. அதனால்தான் பார்க்கும் கோணம் மாறினால் அதன் மினுக்கமும் மாறும். முள்முள்ளாக எழும்பும் தோலும் தசையின் வேலையே. கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்டோபஸ் தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் நேரத்தில் அதன் கை ஓரத்தைப் பாருங்கள். புள்ளிகள் விரிவதும் சுருங்குவதும், வாணலியில் கடுகு வெடிப்பது மாதிரித் தெரியும்.

சிவப்புன்னா கோபம், வெள்ளைன்னா பயம். அப்படித்தானே?

இதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். அப்படி ஒரு அகராதி இருந்தால் எனக்கும் வசதிதான். பொதுவாகச் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. திடுக்கிட்டால் உடல் வெளுத்து, கண்ணைச் சுற்றிக் கருவளையம் வரும், கைகள் விரிந்து உருவம் பெரிதாகத் தெரியும். பரபரப்பில் கருஞ்சிவப்பு வரும். நிம்மதியாக இருக்கும்போது வெளிர் பழுப்பில் மெல்லிய திட்டுகள்.

ஆனால் மேலே சொன்ன வேட்டையில் வெள்ளை எப்போது வந்தது? பாயும் நொடியில். அங்கே பயம் எங்கே இருந்தது? அதே மாயாண்டி, ஃபில்டர் சத்தம் மாறிய அன்று மூலையில் ஒடுங்கியபோதும் வெள்ளைதான். ஆழ்ந்து தூங்கும்போதும் வெள்ளைதான். ஒரே நிறம், மூன்று நிலைமை. நிறத்தை மட்டும் பார்த்து மனசைச் சொல்கிறேன் என்பவர் ஜாதகத்தின் அட்டையைப் பார்த்துப் பலன் சொல்பவர் மாதிரி. தோலின் முள், உடலின் வடிவு, கண், மூச்சு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எல்லாம் சேர்ந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

அப்போ எதை எழுதி வைக்கணும்?

நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். நேரம், தண்ணீரின் வெப்பம், என்ன கொடுத்தோம், வாங்கியதா, வாங்க எவ்வளவு நேரம் ஆனது. பக்கத்தில் நிறம்: தீனிக்கு முன், பிடிக்கும்போது, தின்ற பிறகு. தோல் வழவழப்பா, முள்ளா. ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்பதையும் எண்ணுங்கள். உடல் பை விரிந்து சுருங்குவது ஒரு மூச்சு. "கோபம்", "சந்தோஷம்" என்று எழுதக் கூடாது என்று மகளுக்கு ஒரு சட்டம் போட்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, பெயர் பிறகு வைக்கலாம். அவள் "கடுப்பு" என்று எழுதி அடித்த இடங்கள் நிறைய.

மூன்று மாதம் கழித்துப் புரட்டினால்தான் விஷயம் தெரிந்தது. தின்று முடித்த பிறகு ஒரு மணி நேரம் இடதுபக்கம் கண்ணாடிக்கு அருகே திட்டுத்திட்டான வெளிர் நிறத்தில் இருக்கும். என்றைக்கு அந்தத் திட்டு வரவில்லையோ, அன்று தண்ணீரைச் சோதித்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று சரியாக இருக்காது. இது மாயாண்டிக்கு மட்டும் பொருந்தும் குறிப்பு. உங்கள் ஆக்டோபஸுக்கு உங்கள் நோட்டுதான் பேசும்.

அதுக்கு நிறமே தெரியாதாமே? தெரியாமலே எப்படிப் பாறை நிறத்துக்கு மாறுது?

நல்ல கேள்வி, அறிஞர்களையே தலைசொறிய வைப்பது. ஆக்டோபஸின் கண்ணில் ஒரே வகை ஒளியுணர் அணு. நம் கணக்குப்படி அது நிறக்குருடு. வெளிச்சத்தின் அளவு, திட்டுகளின் அளவு, ஓரங்களின் கூர்மை இவற்றைப் பார்த்து ஏதோ ஒரு கோலத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பாறையும் பாசியும் பழுப்பும் உள்ள இடத்தில் கையிலிருக்கும் நிறங்களே பெரும்பாலும் பொருந்திவிடும்.

2016-இல் அப்பாவும் மகனுமான இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு யோசனை சொன்னார்கள். ஆக்டோபஸின் கண்மணி விசித்திர வடிவம். அதன் வழியே வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு தூரத்தில் குவியும். எந்தக் குவியத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதை வைத்து நிறத்தை ஊகிக்கலாம் என்கிறார்கள். இது கருதுகோள் மட்டுமே. இன்னொரு பக்கம், 2015-இல் சாந்தா பார்பராவில் இருபுள்ளியின் தோலைத் தனியாக எடுத்து ஒளி பாய்ச்சியபோது, கண்ணும் மூளையும் இல்லாமலே நிறமிப் பைகள் விரிந்தன. நீல ஒளிக்கு வேகமாக விரிந்தன. தோலே வெளிச்சத்தை உணர்கிறது என்பது உறுதி. அது நிறத்தையும் பார்க்கிறது என்று சொல்லிவிட முடியாது.

தொட்டிக்கு அடியில சதுரங்கப் பலகை வெச்சா கட்டம் கட்டமா மாறுமா?

மாறாது. பக்கத்து வீட்டுப் பையன் பலகையோடே வந்துவிட்டான், அவனிடமும் இதைத்தான் சொன்னேன். கணவாயைக் கட்டம் போட்ட தரையில் விட்டுச் செய்த ஆய்வுகளில் அது முதுகில் ஒரு வெள்ளைச் சதுரம் காட்டும், அவ்வளவே. அதுகூட வெள்ளைக் கல்லுக்கு நடுவே கலக்கும் பழக்கம், கட்டத்தை நகல் எடுப்பது இல்லை. வேடிக்கைக்காக அடித்தரையை மாற்றிக்கொண்டே இருந்தால் விலங்கு தின்பதை நிறுத்திவிடும்.

தூங்கும்போது படம் ஓட்டற மாதிரி நிறம் மாறுது. கனவு காணுதா?

பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அலாஸ்காவில் டேவிட் ஷீல் என்ற பேராசிரியர் ஹைடி என்ற ஆக்டோபஸை வீட்டில் வளர்த்தார். அது தூக்கத்தில் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, கறுத்து, திட்டுத்திட்டாகும் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. நண்டு பிடிப்பதாகக் கனவு காண்கிறதோ என்று அவரே சொன்னார்.

அப்புறம் ஆய்வுகள் வந்தன. 2021-இல் பிரேசிலில், அமைதித் தூக்கத்துக்கு நடுவே அரைமணிக்கு ஒருமுறைபோல, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, நிறமும் கண்ணும் துடிக்கும் தூக்கம் ஒன்று வருவதைக் கண்டார்கள். 2023-இல் ஜப்பானின் ஓகினாவாவில் மூளையின் மின்னோட்டத்தையும் பதிவு செய்தார்கள். துடிக்கும் தூக்கத்தில் மூளையின் போக்கு விழித்திருக்கும்போது இருப்பதை ஒத்திருந்தது, தோலில் வந்த கோலங்களும் விழிப்பில் வருபவைதாம். கனவு என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கும் ஒரே சான்று, காண்பவர் எழுந்து சொல்வது. இது சொல்லாது. நான் நோட்டில் "தூக்கம், கோலம் ஓடியது, 50 நொடி" என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். மகள் பக்கத்தில் ஒரு நண்டு வரைந்து வைத்தாள்.

என்னைப் பார்த்தா கிட்ட வருது, என் வீட்டுக்காரர் மேல தண்ணி பீய்ச்சுது. ஆள் தெரியுமா?

தெரியும். சியாட்டில் காட்சியகத்தில் எட்டு ஆக்டோபஸ்களிடம் ஒருவர் தினமும் தீனி கொடுத்தார், அதே உடை போட்ட இன்னொருவர் முரட்டுக் குச்சியால் சீண்டினார். இரண்டே வாரத்தில் இருவரையும் வேறு வேறாக நடத்தத் தொடங்கின. 2010-இல் வெளியான ஆய்வு. உங்கள் வீட்டுக்காரர் சீண்டினாரா என்று நான் கேட்கவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்வது அவர் வேலையாக இருந்தால் அதுவே போதும். இரண்டு நாள் அவர் கையால் நண்டு கொடுக்கச் சொல்லுங்கள்.

மை கக்கிடுச்சு. தொட்டியே கறுப்பு. என்ன பண்ண?

உடனே தண்ணீரில் பாதியளவு மாற்றுங்கள், ஃபில்டரில் புதிய கார்பன் போடுங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். கடலில் மை கலைந்து போய்விடும், தொட்டியில் அது ஆக்டோபஸின் செவுளிலேயே ஒட்டும். அன்று தீனி வேண்டாம். என்ன பயமுறுத்தியது என்று தேடுங்கள். எங்களுக்கு ஒருமுறைதான் நடந்தது: தீபாவளிக்கு யாரோ தொட்டிக்கு எதிரே மத்தாப்பு கொளுத்தினார்கள்.

ரெண்டு நாளா சாப்பிடலை, வெளுத்துப் போயிருக்கு. சீக்கா?

பதறுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். அம்மோனியா சுழியமா? வெப்பம் ஏறிவிட்டதா? இருபுள்ளிக்கு 18, 20 டிகிரி போதும். கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றால் ஒரே மதியத்தில் நிலைமை மோசமாகும். மீனுக்குப் போடும் மருந்து ஏதாவது தொட்டியில் விழுந்ததா? அதில் செம்பு இருந்தால் ஆக்டோபஸுக்கு எமன். விசித்திரம் என்னவென்றால் அதன் நீல ரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதே செம்பை வைத்துத்தான். தண்ணீரில் கரைந்த செம்பை மட்டும் தாங்காது.

எல்லாம் சரியாக இருந்தால் நோட்டைப் புரட்டுங்கள். ஒரு பெரிய நண்டுக்குப் பிறகு இரண்டு நாள் பட்டினி சாதாரணம். ஆனால் வெளுப்பு நாள் முழுக்க நிலைத்து, திட்டு போடுவது குறைந்து, தோலில் ஆறாத புண்ணும் வந்தால் அது முதுமை. அதற்கு மருந்து கிடையாது.

ஆண்னு சொல்லி வாங்கினீங்க, முட்டை போட்டிருக்கே?

ஆமாம். விற்றவர் ஆண் என்றார், நாங்களும் மாயாண்டி என்று பெயர் வைத்துவிட்டோம். ஆணாக இருந்தால் வலப்பக்கத்து மூன்றாவது கையின் நுனியில் உறிஞ்சிகள் இருக்காது, அதைச் சுருட்டியே வைத்திருக்கும். எட்டு நுனிகளையும் ஒழுங்காகப் பார்க்காதது எங்கள் தப்பு. பத்தாவது மாதம் பொந்தின் கூரையில், வெந்த பாசுமதி அரிசி போல் வெள்ளை முட்டைகள் தொங்கின.

ஆணோடு சேராத பெண்ணும் முட்டை இடும், அவை பொரிக்காது. எங்களுடையது சின்னக் குஞ்சிலிருந்தே தனியாக வளர்ந்தது, ஆகவே பொரிக்க வழியில்லை. ஆனால் அதற்கு அது தெரியாது. வாசலைக் கல்லால் அடைத்துவிட்டு, நாளெல்லாம் முட்டைகளைத் தடவி நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது.

சாப்பிடாம கிடக்கே, வாயில ஊட்டிவிடலாமா?

நானும் முயன்றேன். இடுக்கியில் நீட்டிய இறாலை ஒரு கையால் மெதுவாகத் தள்ளிவிட்டது. முட்டையிட்ட தாய் தின்னாமல் இருப்பது பிடிவாதமும் இல்லை, வியாதியும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியின் கட்டளை. 1977-இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்பவர் கரீபியன் ஆக்டோபஸ் இனம் ஒன்றில் அந்தச் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். தாய்கள் முட்டையை விட்டுவிட்டு மறுபடி தின்னத் தொடங்கி, கூடுதல் காலம் வாழ்ந்தன. வீட்டில் செய்யக்கூடியது அதில் எதுவும் இல்லை. தண்ணீரைக் குளிர்ச்சியாக, சுத்தமாக வைத்து, விளக்கைக் குறைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் தீனிக் கட்டம் முழுக்க "இல்லை". நிறக் கட்டத்தில் "வெளிர்", "வெளிர்", "வெளிர்". இருபத்தாறாம் நாள் மட்டும், மகள் தொட்டி அருகே போனபோது கண்ணுக்குக் கீழே நீல வளையம் ஒருமுறை தெளிவாகத் தெரிந்து மறைந்ததாக எழுதியிருக்கிறாள்.

அடுத்தது எப்போ வாங்கப் போறீங்க?

இப்போதைக்கு இல்லை. தொட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் மாயாண்டி தின்னாமல் விட்ட மூன்று நண்டுகள் அதில் இருக்கின்றன. அவற்றில் பெரியது பொந்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் இப்போது தினமும் ஒரு வேளை இறால் போகிறது, அதே இடுக்கியில்.